காண்பி என்று பெயர் வைக்கப்பட்டவள்

வரிசை என்ற லைப்ரரியின் இரண்டாம் பதிப்பு வெளியான மறு திங்கட்கிழமை, காலை எட்டே முக்காலுக்கு, அதிலிருந்த நாற்பது ஃபங்ஷன்களும் ஆளுக்கொரு துணிப்பையோடு கோயம்புத்தூர் சரவணம்பட்டியிலிருக்கும் அலகு சாஃப்ட்வேர் கம்பெனியின் கேட்டுக்கு வந்து, ஒருவர் பின் ஒருவராக, ஆங்கில அகரவரிசைப்படி, இடிக்காமல் நெருக்காமல் நின்றார்கள். ஆணும் பெண்ணுமாக, குட்டையும் நெட்டையுமாக, பல்லடம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர்கள் என்று சொன்னால் யாரும் மறுக்கப் போவதில்லை. ஒருவர் முகத்திலும் பயணக் களைப்பு மட்டும் இல்லை. செக்யூரிட்டி மாரப்பன், அறுபத்து மூன்று வயது, பஞ்சாலை மூடிய பிறகு இந்த நாற்காலிக்கு வந்தவர், முப்பது வருஷம் ஷிப்டுக்கு ஆள் திரண்டு வருவதைப் பார்த்துப் பழகியவர். அவர் ஆச்சரியப்படாமல் பதிவேட்டைத் திறந்தார்.

“பேர் சொல்லுங்க.”

“இணைங்க,” என்றார் முதலில் நின்றவர்.

“யாரைப் பாக்கோணும்?”

“எங்களுக்குப் பேர் வெச்சவங்களைங்க.”

நாற்பது பேரும் அதையே சொன்னார்கள். மாரப்பன் நாற்பது வரியிலும் அதையே எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு, மூன்றாவது மாடிக்கு இன்டர்காமில் சொன்னார்: “கோகிலவாணி அம்மிணிக்கு ஆள் வந்திருக்குதுங்க. கொஞ்சம் நிறையாத்தான் வந்திருக்குது.”

லைப்ரரி என்றால் இங்கே புத்தகம் அடுக்கிய இடமல்ல. வேறு கம்பெனிக்காரர்கள் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளத் தயாராகச் செய்து வைத்த கம்ப்யூட்டர் நிரல்களின் கட்டு அது. அதில் ஒவ்வொரு சின்ன வேலைக்கும் ஒரு ஃபங்ஷன், ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ஒரு பெயர். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அது வந்து வேலையைச் செய்துவிட்டு விடையைக் கையில் கொடுக்கும். உள்ளே எப்படிச் செய்தது என்று கூப்பிட்டவர் பார்க்க வேண்டியதில்லை, பார்க்கவும் மாட்டார். அதனால்தான் அந்தத் தொழிலில் வேறு எதில் பொய் சொன்னாலும் பெயரில் பொய் சொல்லக் கூடாது என்பார்கள். பெயர்களெல்லாம் இங்கிலீஷில் இருந்தவை. கேட்பவர்களின் சௌகரியத்துக்காக இங்கே தமிழில் சொல்லப்படுகின்றன.

பெயர் வைத்தவள் கோகிலவாணி. முப்பத்தேழு வயது, அந்தக் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம். அவள் வைத்த பெயர் நிற்கும் என்று பேர் வாங்கியவள். சொந்தத்தில் குழந்தை பிறந்தால்கூட ஜாதகம் பார்ப்பதற்கு முன்னால் அவளுக்குத்தான் போன் வரும். வருகிற ஏப்ரலில் அவளை ஆர்க்கிடெக்ட் என்ற மேல்பதவிக்கு உயர்த்துவதாக மேனேஜர் சென்னியப்பன் சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல் தன் பெயருக்குப் பின்னால் வர வேண்டும் என்று அவள் ஆசைப்பட்ட மாதிரி தன் கல்யாணத்துக்குக்கூட ஆசைப்பட்டதில்லை. அன்றைக்கு லிஃப்டிலிருந்து இறங்கி, கண்ணாடிக் கதவு வழியாக அந்த நாற்பது முகங்களையும் பார்த்ததும் அவளுக்கு யார் யாரென்று சொல்லாமலே தெரிந்துவிட்டது. பெருமையாகத்தான் இருந்தது. முப்பத்தொன்பது முகங்கள்வரை பெருமையாகத்தான் இருந்தது.

ஏன் வந்தார்கள் என்று அலகு சாஃப்ட்வேரில் யாரும் கேட்கவில்லை, எங்கே உட்கார வைப்பது என்றுதான் கேட்டார்கள். ஹெச்.ஆர். பெண்மணி விசிட்டர் அட்டை கொடுக்கலாமா கான்ட்ராக்ட் அட்டை கொடுக்கலாமா என்று அரை நாள் யோசித்து, கடைசியில் நீல நாடாவில் புதிதாக ஒரு அட்டை அடித்தாள். பார்க்கிங்கில் தார்ப்பாய் கட்டி பெஞ்சு போட்டார்கள். சாப்பாடு கொடுத்தால் சாப்பிட்டார்கள், கொடுக்காவிட்டால் கேட்கவில்லை. சம்பளம் என்ற பேச்சே எடுக்கவில்லை என்பது தெரிந்ததும் எல்லோருக்கும் அவர்கள்மேல் பிரியம் வந்துவிட்டது. அடுக்கு என்பவர் காலையில் வந்ததும் வாசலில் கிடக்கும் செருப்புகளை அளவுவாரியாக வைத்தார், பிறகு கேன்டீன் தட்டுகளை, பிறகு ஒரு நாள் ஊழியர்களையே உயரவாரியாக நிற்க வைத்து, யாரோ போதும் என்று சொல்கிறவரை விடவில்லை. எண்ணு என்ற பெண்ணைப் பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்காரர் பந்திக்குப் பந்தி இலை எண்ண இரவல் வாங்கிப் போனார். பிரி என்பவரை விளாங்குறிச்சியிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்து தோட்டம் பாகம் பிரிக்கக் கூட்டிப் போனார்கள். அவர் கிணற்றையும் சரிபாதியாகப் பிரித்து வைத்துவிட்டு வந்தார், இன்றுவரை ஒரு பாதியில்தான் தண்ணீர் ஊறுகிறது. ஒப்பிடு என்பவரை யாரோ விளையாட்டாக இரண்டு நாத்தனார்களுக்கு நடுவில் நிறுத்த, அவர் முகம் பார்க்காமல் விடையைச் சொல்லிவிட்டார், அந்த இரண்டு பெண்களும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளவில்லை. எப்படியோ, பத்தே நாளில் ஊர் அவர்களை எடுத்துக்கொண்டது. நாற்பது பேரும் நேற்றுவரை கம்ப்யூட்டருக்குள் இருந்தவர்கள் என்பது, பக்கத்துத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் திருச்சியிலிருந்து வந்தவர்கள் என்கிற அளவுக்கு ஒரு சாதாரணச் செய்தியாகிப் போனது.

பெயர் சரியாக அமையாதவர்கள் பாடுதான் பாவம். செய் என்று ஒருவர் இருந்தார். கோகிலவாணி ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் வைத்த பெயர். எதைச் செய்ய வேண்டும் என்று அந்தப் பெயரில் இல்லை, அதனால் யாரும் கூப்பிடவில்லை, அவர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். உதவி-இரண்டு என்று ஒரு பெண் இருந்தாள். அவள் தினமும் கோகிலவாணியின் ஸ்கூட்டர் உள்ளே வரும்போது எழுந்து நின்று, “உதவி-ஒண்ணு எங்கீங்க?” என்று கேட்பாள். உதவி-ஒன்று போன வருஷமே தேவையில்லை என்று எடுக்கப்பட்டுவிட்டாள். கோகிலவாணி ஹெல்மெட்டைக் கழற்றாமலே, “வருவா, வருவா” என்று சொல்லிவிட்டுப் போவாள்.

ஆனால் அவள் ஹெல்மெட்டைக் கழற்றாமல் போனதற்கு உண்மையான காரணம் உதவி-இரண்டு அல்ல. காண்பி.

அதைச் சொல்ல வேண்டுமானால் பெயர்க் கூட்டத்தைச் சொல்ல வேண்டும். வியாழக்கிழமைதோறும் மூன்று மணிக்கு மூன்றாவது மாடிக் கூட்ட அறையில் ஏழு பேரும் ஒரு தட்டு வாழைக்காய் பஜ்ஜியும் கூடுவது அலகு சாஃப்ட்வேரின் வழக்கம். புதிய ஃபங்ஷனின் பெயரை வெள்ளைப் பலகையில் எழுதிவிட்டு, கேன்டீன் ருக்குமணியக்காவைக் கூப்பிடுவார்கள். நிரல் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது, தெரியாததுதான் அவருடைய தகுதி. “அக்கா, இந்தப் பேர் வெச்ச ஆளைக் கூப்பிட்டா என்ன பண்ணுவான்?” என்று கேட்பார்கள். அவர் சொல்வது சரியாக இருந்தால் பெயர் நிலைக்கும், இல்லாவிட்டால் அழித்துவிட்டு மறுபடி யோசிப்பார்கள். ஒரு பெயர், ஒரு வேலை. அதுதான் அந்த அறையின் சட்டம். பெயருக்குள் இரண்டு வேலை தெரிந்தால் அந்தப் பெயரை வைத்தவரை வாரம் முழுக்கக் கிண்டல் செய்வார்கள்.

இரண்டாம் பதிப்புக்கு முன்னால் நடந்த கூட்டத்தில் எண்ணிக்கை நாற்பத்தொன்றாக வந்து நின்றது. சென்னியப்பன் அதற்குள் ‘நாற்பதே ஃபங்ஷன், ஒரு மணி நேரத்தில் கற்கலாம்’ என்று விளம்பரம் அச்சடித்துவிட்டிருந்தார். வரிசையில் முதலில் நிற்பது எது என்று பார்த்துச் சொல்ல ஒரு ஃபங்ஷன், முதலில் நிற்பதை வரிசையிலிருந்து எடுத்துவிட ஒரு ஃபங்ஷன் என்று தனித்தனியாக இரண்டு இருந்தன. பார்க்கிறவர் அடுத்து எடுக்கத்தானே போகிறார், இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம் என்று சொன்னது கோகிலவாணிதான். காண்பித்து நீக்கு என்று உண்மையாகப் பெயர் வைத்தால் இரண்டு வேலை வெளியே தெரியும், கிண்டல் செய்வார்கள், விளம்பரமும் கெடும். அவள் பலகையில் காண்பி என்று மட்டும் எழுதினாள். ருக்குமணியக்கா வந்து பார்த்து, “முதல்ல நிக்கறது யாருன்னு காட்டுமுங்க” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். காட்டிய பிறகு என்ன ஆகும் என்று அக்காவை யாரும் கேட்கவில்லை. பதினான்கு வரி நிரலில் ஒன்பதாவது வரி நீக்குகிற வரி. விளக்கக் குறிப்பின் கடைசிப் பக்கத்தில், அடியில், சின்ன எழுத்தில் அதைப் போட்டுவிட்டு, அந்த வருஷத்தின் நல்ல யோசனைக்கான கண்ணாடிக் கோப்பையை கோகிலவாணி வாங்கிக்கொண்டாள்.

அந்தக் காண்பிதான் ஐம்பது வயதுப் பெண்ணாக, ஒற்றைநாடியாக, எந்நேரமும் கூப்பிடுவார்களா என்று முகம் மலர்ந்து பார்ப்பவளாக, நாற்பதாவது முகமாக வந்து நின்றாள். நாற்பது பேரிலும் அவளைத்தான் எல்லோருக்கும் பிடித்தது. வரிசையாக, அடுக்காக, கட்டாக எதைக் கொடுத்தாலும் அதன்மேல் ஒரு கையை வைப்பாள், மற்றக் கையின் உள்ளங்கையை விரிப்பாள்; மேலே இருப்பது அதில் தெளிவாக இருக்கும், அலுங்காமல் நலுங்காமல், பழையதாக இருந்தால் புதிதாக இருந்த நாளின் பளபளப்போடு. பார்த்து முடித்ததும் கையை மூடிவிடுவாள். முறுக்கு டப்பாவைக் கொடுத்தால் முறுக்கு தெரியும். விண்ணப்பக் கட்டைக் கொடுத்தால் முதல் விண்ணப்பம் தெரியும். பிறகு முறுக்கு ஒன்று குறைந்தால் யாரோ தின்றிருப்பார்கள் என்று ருக்குமணியக்கா நினைத்தார், விண்ணப்பம் ஒன்று குறைந்தால் எங்கேயோ வைத்துவிட்டோம் என்று ஹெச்.ஆர். பெண்மணி நினைத்தாள்.

மாரப்பனிடம் ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. அதில் பதினோரு போட்டோக்கள். ஒன்பது வயதில் மஞ்சள் காமாலையில் போன அவருடைய ஒரே மகள் தங்கமணி. காது குத்தில் ஒன்று, வாடகை சைக்கிள் பக்கத்தில் ஒன்று, பள்ளிக்கூடக் கூட்டத்தில் இரண்டாவது வரிசையில் பாதி மறைந்து ஒன்று, இப்படிப் பதினொன்று. முப்பது வருஷமாக அவர் அந்த டப்பாவைத் தானாகத் திறந்ததில்லை. திறந்தால் ஒன்றோடு நிறுத்த அவரால் முடியாது, எல்லாவற்றையும் பார்த்துவிடுவார், பார்த்தால் மூன்று நாள் படுத்துவிடுவார். காண்பி வந்த பிறகு அவருக்கு ஒரு வழி பிறந்தது. சாயங்காலம் நாலு மணி டீ முடிந்ததும் டப்பாவை மூடியபடியே அவளிடம் நீட்டுவார். “ஒண்ணே ஒண்ணு காண்பி, கண்ணு. அதுக்கு மேல கேட்டாலும் காட்டாத.” அவள் கை விரிப்பாள். அவர் பார்ப்பார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “போதும், சாமி” என்பார். டப்பா திறக்கப்படாமலே மேஜைக்கு அடியில் போய்விடும். இத்தனை வருஷத்தில் இப்போதுதான் மகளைப் பார்த்துவிட்டுச் சோறும் சாப்பிட முடிகிறது என்று அவர் ருக்குமணியக்காவிடம் சொன்னார், ருக்குமணியக்கா எல்லோரிடமும் சொன்னார், எல்லோருக்கும் மனசு நிறைந்துபோனது.

ஐந்தாவது நாள் கோகிலவாணி அதைப் பார்த்தாள். டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது, காண்பியின் கை மூடுவதைப் பார்த்ததும் அவள் நடை நின்றுவிட்டது. ஒரு கார் வந்தது, மாரப்பன் கேட்டைத் திறக்கப் போனார். கோகிலவாணி குனிந்து, டப்பாவின் மூடியைத் தள்ளி, விரலால் எண்ணினாள். ஆறு. மறுபடி எண்ணினாள், ஆறு. மூடியை மூடிவிட்டு நிமிர்ந்தபோது காண்பி அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பெயர் வைத்தவள் பக்கத்தில் வந்து நின்றாளே என்ற சந்தோஷம் அந்தச் சிரிப்பில் இருந்தது, அதைத் தாங்க முடியாமல் கோகிலவாணி படியேறிப் போனாள்.

சென்னியப்பன் கெட்டவர் அல்ல. கோகிலவாணி சொன்னதைக் கேட்டுவிட்டு நிஜமாகவே வருத்தப்பட்டார்.

“டாக்குமெண்டேஷன்ல போட்டிருக்குதல்லோ, கோகிலா?”

“போட்டிருக்குதுங்க சார். யாருங்க சார் அதைப் படிக்கறாங்க?”

“அது அவங்க தப்பு.” பேனாவை மூடி வைத்தார். “இப்பத்தான் ஆஸ்பத்திரி டோக்கனுக்கு நம்ம லைப்ரரியை எடுத்திருக்காங்க. பேரே தப்புன்னு நாமளே போய்ச் சொன்னா நாளைக்கே வேற ஆளைத் தேடுவாங்க. மூணு வாரம் பொறு. அடுத்த பதிப்புல பூனையாட்டச் சத்தமில்லாம ரெண்டாப் பிரிச்சரலாம்.”

“அதுவரைக்கும்?”

“அதுவரைக்கும் உன்ற ஏப்ரலையும் கொஞ்சம் நெனச்சுக்க.”

அவள் நினைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு நர்ஸ் அடுத்து யார் என்று பார்க்க மட்டும் அந்த ஃபங்ஷனைக் கூப்பிட, டோக்கனைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் வரிசையிலிருந்து காணாமல் போவதையும் நினைத்துக்கொண்டாள். அதற்கு அவள் பொறுப்பல்ல, குறிப்பில் போட்டாகிவிட்டது. மறுநாள், ஆறு போட்டோ ஐந்தாவதற்கு முன்னால், கேட்டுக்குப் போய் நின்றாள்.

“அண்ணா, அந்த டப்பாவைக் கொஞ்ச நாளைக்கு வீட்டுலயே வெச்சிருங்களேன்.”

“ஏனுங்க அம்மிணி? கம்பெனில ஏதாச்சும் சொன்னாங்களா?”

“இல்லீங்கண்ணா. சும்மாத்தான். தூசி படும்.”

மாரப்பன் சிரித்தார். “தூசி படற இடத்துல நானா வெப்பேன்? ஆனா ஒண்ணு சொல்றேன் அம்மிணி, இந்தப் புள்ளைக்கு நல்ல பேரா வெச்சீங்க. பேருக்கேத்த குணம்.”

இங்கே அவள் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும், மாரப்பனுக்கு அந்த ஆறு போட்டோவாவது மிஞ்சியிருக்கும். பொய் சொன்னதைவிடக் கேவலம் இந்தப் பாதி உண்மை. சொன்ன மாதிரியும் ஆகிவிட்டது, சொல்லாத மாதிரியும் ஆகிவிட்டது, அன்று படுக்கும்போது நான் எச்சரித்தேனே என்று நினைத்துக்கொள்ளவும் வசதியாக இருந்தது. அதற்குப் பிறகு நாலு மணிக்கு அவள் டீ குடிக்கக் கீழே போகவில்லை. மேலே உட்கார்ந்து, கண்ணாடிக் கோப்பைக்கு முதுகு காட்டி, நாள்களை மட்டும் எண்ணினாள். ஐந்து, நாலு, மூன்று. இரண்டானபோது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் படுத்தாள், நாலு மணி ஆனதும் எழுந்து உட்கார்ந்தாள்.

பன்னிரண்டாம் நாள் காண்பி டப்பாவின்மேல் கை வைத்து, உள்ளங்கையை விரித்தாள். கை வெறுமையாக இருந்தது. அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தபடி, “ஒண்ணும் இல்லீங்க” என்றாள். மாரப்பன் அவளைப் பார்த்தார், தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார், மறுபடி கேட்டார், மறுபடி அவள் அதையே சொன்னாள். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் டப்பாவைத் தன் கையால் திறந்தார்.

அவர் கத்தவில்லை. பார்த்துக்கொண்டிருந்த கம்பெனி டிரைவர்தான் கத்தினான். அரை மணி நேரத்தில் கம்பெனி முழுக்கக் கீழே நின்றது. அதுவரை யாரோ தின்ற முறுக்கு, எங்கேயோ வைத்த விண்ணப்பம், தொலைந்த சாவிக்கொத்து, பூஜை அலமாரியில் முன்னால் நின்ற வெள்ளிப் பிள்ளையார் எல்லாம் ஒரே நிமிஷத்தில் ஒன்று சேர்ந்து அவள் தலையில் ஏறின. காண்பியின் துணிப்பையைக் கொட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. இல்லாததே அவள் கெட்டிக்காரத் திருடி என்பதற்கு அத்தாட்சி ஆயிற்று. நீக்கப்பட்டது எங்கே போகும் என்று அந்தப் பதினான்கு வரியில் எழுதப்படவில்லை, எழுதப்படாத இடத்துக்கு யாரும் போய்த் தேட முடியாது.

வியாழக்கிழமை மூன்று மணிக்குப் பெயர்க் கூட்டமே விசாரணைக் கூட்டமாக நடந்தது. அதே ஏழு பேர், அதே பஜ்ஜி. ருக்குமணியக்கா, மாரப்பன், நடுவில் நின்ற காண்பி மூன்று பேர் அதிகம்.

“ஏம்மா எடுத்தே?” என்றார் சென்னியப்பன், மேஜையைப் பார்த்துக்கொண்டு.

“நான் எடுக்கலீங்க. என்ற பேர் காண்பிங்க. காட்டத்தானுங்க செய்யறேன்.”

“அப்பப் போட்டோ எங்கே போச்சு?”

“எனக்குத் தெரியாதுங்க. கூப்பிட்டாங்க, காட்டினேனுங்க.”

ருக்குமணியக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, “மூஞ்சியப் பார்த்தாத் திருடியாட்டவே இல்லியே” என்றார். அதற்கு மூன்று பேர், அப்படிப்பட்ட மூஞ்சிதான் திருடும் என்று சொன்னார்கள்.

அப்போது மாரப்பன் எழுந்தார். இரண்டு நாளில் அவருடைய காக்கிச் சட்டை ஒரு அளவு பெரிதாகியிருந்தது. “ஒரே ஒரு வார்த்தைங்க,” என்றார். “இந்தப் புள்ளை திருடியிருக்காதுங்க. திருடறவங்க கண்ணு எனக்குத் தெரியும், மில்லு வாசல்ல முப்பது வருஷம் சோதனை போட்டவன் நானு. என்னவோ ஒண்ணு இதுக்கு உள்ளார நடக்குது. அது இதுக்கே தெரியலை.” கோகிலவாணியின் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் கூப்பினார். “பேர் வெச்சது நீங்க அம்மிணி. உள்ளார என்ன இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியும். போனது போச்சுங்க, அது திரும்பாட்டிப் போகட்டும். இது திருடலைன்னு மட்டும் சொல்லிப்போடுங்க. எம் புள்ளையைத் தினம் பார்த்த கையிங்க அது.”

அறையில் இருந்த எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சென்னியப்பனும் பார்த்தார். காண்பியும் பார்த்தாள், அதே மலர்ந்த முகத்தோடு, இதோ பெயர் வைத்தவள் கூப்பிடப் போகிறாள் என்பவளைப் போல. கோகிலவாணியின் நாக்கு நுனிவரை ஒன்பதாவது வரி வந்தது. ஏப்ரல் வந்து அதற்கு முன்னால் நின்றது.

“எனக்கும் தெரியலீங்கண்ணா,” என்றாள். “நான் காட்டறதுக்குத்தான் எழுதினேன். இது எங்க கத்துக்கிச்சோ.”

மாரப்பன் கூப்பிய கையைப் பிரிக்க மறந்து அப்படியே உட்கார்ந்தார். அடுத்த பதிப்பில் காண்பியை எடுத்துவிடுவது என்று கை உயர்த்தி முடிவானது. கோகிலவாணியின் கை மற்ற ஆறு கைகளோடு சேர்ந்து உயர்ந்தது, கொஞ்சமும் தாமதிக்கவில்லை.

எடுக்கிற வேலையைப் பெயர் வைத்தவரே செய்ய வேண்டும், எடுக்கும்போது ஆள் எதிரில் இருக்க வேண்டும் என்று ஹெச்.ஆர். விதி செய்திருந்தது. அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, வெயில் இன்னும் ஜன்னலில் இருக்கும்போது, சின்ன கண்ணாடி அறையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். திரையில் பதினான்கு வரிகள். கோகிலவாணி மூன்று நாளாகத் தூங்கவில்லை. கண்ணை மூடினால் பிஸ்கட் டப்பா வந்தது, சோற்றைப் பிசைந்தால் விரல் எண்ண ஆரம்பித்தது, மாமியார் கூப்பிட்டது காதில் விழவில்லை, மகள் பள்ளிக்கூட குரூப் போட்டோவைக் கொண்டுவந்து காட்டியபோது எழுந்து குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தாள்.

“நான் எடுக்கலீங்க,” என்றாள் காண்பி.

“தெரியும்.”

“உங்களுக்குத் தெரியுமுங்களா?” அந்த முகத்தில் கோபம் வரும் என்று கோகிலவாணி பார்த்தாள். கோபத்துக்கு யாரும் அந்தப் பதினான்கு வரியில் இடம் வைக்கவில்லை. நிம்மதிதான் வந்தது. “அது போதுமுங்க. எனக்கே சந்தேகமாப் போயிருச்சுங்க, பேர் ஒண்ணும் செய்யறது ஒண்ணுமா இருக்கறேனோன்னு.”

கோகிலவாணி அழுதாள். மேஜையில் தலையை வைத்து, கம்பெனி மொத்தமும் கண்ணாடி வழியாகப் பார்க்கும் என்ற நினைப்பில்லாமல் அழுதாள். இந்தப் பாரத்தோடு இனி ஒரு நாள்கூட நடக்க முடியாது, கீழே போய் மாரப்பனின் காலில் விழுந்து சொல்லிவிடுவது ஒன்றுதான் வழி என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. எழுந்துகூட நின்றாள். கதவில் கைகூட வைத்தாள். அப்போது அவளுக்கு இன்னொரு வழி தோன்றியது, தோன்றியதும் கதவிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

காண்பியின் கையை எடுத்துத் தன் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டாள்.

“இதுக்குள்ள வரிசையா நிக்கறதுல முதல்ல நிக்கறது எதுவோ, அதைக் காண்பி.”

கூப்பிட்டுவிட்டார்கள் என்று அந்த முகம் மலர்ந்தது. உள்ளங்கை விரிந்தது. அதில் டப்பாவும் ஆறு போட்டோவும், அவற்றை எண்ணுகிற கோகிலவாணியின் விரலும், கூப்பிய இரண்டு வயதான கைகளும், எனக்கும் தெரியலீங்கண்ணா என்று சொல்லும் ஒரு வாயும் அப்பட்டமாக, அன்று நடந்த பளபளப்போடு இருந்தன. அவள் நன்றாகப் பார்த்தாள். அந்தக் கட்டடத்தில் அந்த ஃபங்ஷனை, உள்ளே என்ன நடக்கும் என்று தெரிந்து கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான். பிறகு கை மூடியது.

கோகிலவாணி நிமிர்ந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள், எதற்கு ஈரமாக இருக்கிறது என்று யோசித்தாள். எதிரே திருடி ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். பதினான்கு வரியையும் தேர்ந்தெடுத்து அழித்தாள், நாற்காலி காலியானது. ரொம்ப நாளுக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது. கேன்டீனில் இரண்டு தோசை சாப்பிட்டாள், ருக்குமணியக்காவிடம் சட்னி நன்றாயிருக்கிறது என்றாள், ஏப்ரலுக்கு என்ன புடவை எடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டே பார்க்கிங்குக்கு இறங்கினாள்.

கேட்டருகில் மாரப்பன் நாற்காலியிலிருந்து எழுந்தார். “அந்தப் புள்ளை போயிருச்சுங்களா, அம்மிணி?”

“போயிருச்சுங்கண்ணா. இனி பயமில்லை. அதுக்குப் பதிலா ரெண்டு பேர் வர்றாங்க, நல்ல பேரா வெச்சிருக்கேன்.”

அவர் முகத்தைத் தொப்பியால் மறைத்துக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. கோகிலவாணிக்குப் பாவமாக இருந்தது, என்ன கஷ்டமோ என்று நினைத்தாள். ஆனால் வாசலில் நின்று அழுகிற செக்யூரிட்டியைப் பார்த்தால் வருகிற கிளையண்ட் என்ன நினைப்பான் என்றும் பட்டது, நாளைக்கு ஹெச்.ஆரில் சொல்லி வேறு ஆள் போடச் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.